உழைச்செல்வானும் கைப்பேசியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவன் ஒருவன்; நோயைத் தீர்ப்பவன் ஒருவன்; மருந்து ஒன்று; நான்காவதாக நிற்பவன் உழைச்செல்வான். உழை என்பது பக்கம் என்னும் பொருளது. நோயாளியின் பக்கத்தில் இருந்து, வேளை தவறாமல் மருந்தை எடுத்துக்கொடுத்து, உண்டாரா உறங்கினாரா என்று பார்த்துக்கொள்பவர் அவர். மருத்துவரைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் எழுதிக் குவித்த உலகம் இந்த நான்காமவரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. வள்ளுவரோ அவருக்கும் நால்வரில் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்.

பத்து நாள் காய்ச்சலுக்கு உழைச்செல்வார் கிடைப்பது அரிதன்று. தாயோ மனைவியோ மகளோ அருகிருப்பர். (மகன் என்று சொல்லத் தயக்கமாக இருப்பதற்கு அவையிலுள்ள தாய்மார்கள் காரணம் அறிவர்.) ஆனால் முப்பது ஆண்டு நீடிக்கும் நோய்க்கு? நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வந்தால் வாழ்நாளெல்லாம் உடன் இருப்பவை. நோயாளி படுக்கையில் இருப்பதில்லை. உழைக்கிறார், உண்கிறார், திருவிழாவுக்குப் போகிறார். வலி இல்லாததால் மருந்தை மறக்கிறார். பார்த்துக்கொள்பவரும் சில மாதங்களில் சோர்ந்துவிடுகிறார். நால்வரில் மூவர் இருக்க, நான்காம் இடம் வெறுமையாகிறது. இருபது ஆண்டுகளாக அந்த வெற்றிடத்தில் கைப்பேசியை அமர்த்த உலகெங்கும் முயன்றுவருகிறார்கள். அது அங்கே அமரத் தகுமா என்பதே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு விடை போகப்போகத் தெரியும்.

நாட்டளவில் ஓர் எண்ணைச் சொன்னால் போதும். சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தார் பங்கேற்று 2023இல் வெளியான பேராய்வு, இந்தியாவில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கும் மேல் என்று கணித்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. ஒரு தெருவில் எந்த வீட்டில் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை என்று கேட்டாலே போதும்.

கைப்பேசி, கம்பியில்லா அலை, தொலைவிலுள்ள நோயாளி ஆகிய மூன்றையும் இணைக்கும் முயற்சி பெருநகரங்களுக்கே உரியது என்று எண்ணுவது பிழை. அதன் தொடக்கக் களங்களுள் ஒன்று தேனியே. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியில் கிளை கண்டது. கண்புரையை ஒருமுறை அறுத்தால் தீர்ந்தது. கண்நீர் அழுத்த நோயும் நீரிழிவால் வரும் விழித்திரைக் கேடும் அப்படியல்ல. அவை நெடுநோய்கள், திரும்பத் திரும்பப் பார்க்கப்பட வேண்டியவை. ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து வர வேண்டுமென்றால், பார்வை ஓரளவு இருக்கும்வரை எவரும் வரமாட்டார். ஆகவே 2004ஐ ஒட்டி ஊர்களிலேயே சிறு கண் மையங்கள் எழுந்தன. ஒரு சிறிய இடம், விழியை உருப்பெருக்கிக் காட்டும் கருவி, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர், ஒரு கணிப்பொறி. நோயாளி அங்கே அமர்ந்திருக்க, தேனியில் இருக்கும் மருத்துவர் திரை வழியாக அவரோடு பேசுவார்.

பேச்சும் படமும் செல்லத் தரமான இணைப்பு அந்நாளில் ஊர்களில் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் குழுவினர் வந்தனர். வழக்கமாகக் குறுகிய தொலைவே செல்லும் வைஃபை அலையின் மென்பொருளைத் திருத்தி, திசை நோக்கிய அலைவாங்கிகளைப் பொருத்தி, ஊருக்கு ஊர் அதை எறிந்தனர். ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் முதலிய ஐந்து மையங்கள் தேனியோடு இணைந்தன. ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஓர் இணைப்பு. 15 கிலோமீட்டரில் மற்றொன்று. சில இடங்களில் 24 முதல் 42 மீட்டர் வரை உயர்ந்த கோபுரங்கள் எழுந்தன. ஓரிடத்தில் கோபுரம் கட்டவில்லை. துணி ஆலை ஒன்றின் மின்நிலையப் புகைபோக்கியே கோபுரமாயிற்று. புகை போகும் உச்சியில் பொருத்திய கருவி வழியாக ஒரு முதியவரின் விழியின் படம் சென்றது என்பது எவர் கற்பனையிலும் எளிதில் தோன்றாதது.

அக்குழுவினர் பின்னர் 2008இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி பெரிதும் சிந்தனைக்குரியது. அலையை எறிவது அவர்களுக்குப் பெரிய இடராகப் படவில்லை. இணைப்பை உயிரோடு வைத்திருப்பதே இடர். ஊர்ப்புற மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வு கருவிகளை எரித்தது. இடி இறங்கியது. வெளிநாட்டு வல்லுநர் விமானம் ஏறிவந்து சீர்செய்யும்வரை நோயாளி காத்திருக்க இயலாது. எனவே மருத்துவமனையின் சொந்தப் பணியாளர்க்கே கற்பித்தனர். எந்த ஊரின் எந்தக் கருவி ஏன் நின்றது என்று கண்டறிந்து கோபுரம் ஏறும் ஒருவர் உள்ளூரில் இருந்ததனால் அத்திட்டம் நின்றது. கருவிக்கும் ஓர் உழைச்செல்வான் வேண்டியிருந்தான் என்பது இதன் பொருள்.

இனிக் கைப்பேசியின் செய்திக்கு வரலாம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனின் இந்திய நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தது. நீரிழிவின் விளிம்பில் நின்ற, வேலைக்குச் செல்லும் ஆடவர் 537 பேர். ஒரு பாதியினர்க்குத் தொடக்கத்தில் வழக்கமான அறிவுரை மட்டும். மறு பாதியினர்க்கு அதனோடு கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகளும். எல்லார்க்கும் ஒரே செய்தி அன்று. மாற்றத்துக்கு ஒருவர் மனம் எவ்வளவு ஆயத்தமாய் இருக்கிறது என்பதற்கேற்ப வாசகம் மாறியது. இரண்டாண்டு முடிவில், செய்தி பெறாதவருள் 27 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். செய்தி பெற்றவருள் 18 விழுக்காட்டினரே. சில காசு செலவில் அனுப்பிய சொற்கள் இதைச் செய்தன என்பது சொல்லையே தொழிலாகக் கொண்ட எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும். ஆனால் இதே முறையில் இந்தியாவிலும் இங்கிலாந்திலுமாக 2000க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2020இல் வெளியான அடுத்த ஆய்வில் அப்பயன் தென்படவில்லை. முதல் ஆய்வில் பங்கேற்றவர் அனைவரும் ஆடவர் என்பதும் குறிக்கத்தக்கது. அடுப்படியில் உப்பையும் எண்ணெயையும் அளப்பவர்க்கு எவரும் செய்தி அனுப்பவில்லை போலும்.

எச்.ஐ.வி. உற்றோர்க்கென ஓர் ஆய்வு தென்னிந்தியாவில் மூன்று சிகிச்சை மையங்களில் 631 பேரிடம் இரண்டாண்டு நடந்தது. முடிவு 2014இல் வெளியாயிற்று. வாரந்தோறும் தானியங்கிக் குரல் ஒன்று நோயாளியை அழைத்து மருந்து உண்டாரா என்று கேட்கும். அவர் பொத்தானை அழுத்தி விடை சொல்வார். வாரம் ஒரு படச்செய்தியும் வரும். அந்தப் படத்தில் நோயின் பெயரோ மருந்தின் சாயலோ இராது. பிறர் கண்ணில் பட்டாலும் ஐயம் எழாத பொதுப்படம் அது. அனுப்பியவர்கள் வீட்டின் நிலையை அறிந்திருந்தனர். இவ்வளவு கருத்தோடு செய்தும், மருந்து பயனற்றுப் போவதைத் தடுப்பதில் அழைப்புப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இயந்திரம் கேட்டது, மனிதர் பொத்தானை அழுத்தினார், அவ்வளவே.

காசநோய்க்கு மற்றொரு வழி கண்டனர். பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான 99 டாட்ஸ் என்னும் முறை அது. மாத்திரை அட்டையின் மேல் ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் அதன்கீழ் மறைந்திருந்த எண் தெரியும். அவ்வெண்ணுக்கு நோயாளி காசில்லாமல் அழைப்பு விடுத்தால், இன்று மருந்து உண்டார் என்று பதிவாகும். 'மிஸ்டு கால்' என்பதை ஒரு மொழியாகவே வளர்த்து வைத்திருக்கும் நாட்டுக்கு இது மிகப் பொருத்தமான சிந்தனைதான். எனினும் தமிழ்நாட்டிலும் மும்பையிலும் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து ஒப்பிட்டபோது, மருந்து உண்டும் அழைக்காதவரும் இருந்தனர். அழைத்தும் உண்ணாதவரும் இருந்தனர். கைப்பேசி இன்மை, அலை எட்டாமை, எழுத்தறியாமை, பிறர் அறிந்துவிடுவாரோ என்னும் அச்சம் ஆகியவை நோயாளிகள் கூறிய தடைகள்.

அந்த அச்சத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கைப்பேசி ஒருவர்க்கு ஒன்று என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். பள்ளத்தாக்கின் பல வீடுகளில் அது குடும்பச் சொத்து. கணவர் வெளியே எடுத்துச் செல்வார். மாலையில் பள்ளி மாணவன் கைக்குப் போகும். கொரோனாக் காலத்து இணையவழி வகுப்புக்குப் பின் அது மாணவன் கையை விட்டு மீளவேயில்லை என்று சொல்லும் வீடுகளும் உண்டு. வெளியே சொல்லவியலாத நோய்க்கு மருந்து உண்ணும் ஒரு பெண்ணின் செய்தி, மாமியாரின் கண்முன் திரையில் ஒளிர்ந்தால் என்னாகும்? உழைச்செல்வானாக வந்தது ஒற்றனாக மாறிவிடும்.

இன்னொருவரை எண்ணிப் பார்க்கலாம். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்று மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்களுள் நீரிழிவுற்ற ஐம்பது வயதுப் பெண் ஒருவர். இருட்டில் எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் அடைத்து ஓடிவந்து ஏறியிருக்கிறார். காலை எட்டு மணிக்கு, உணவுக்கு முன் மாத்திரை உண்ணச் சொல்லி ஒரு செய்தி எங்கோ ஒரு கணிப்பொறியிலிருந்து கிளம்புகிறது. மாத்திரை வீட்டில், கைப்பேசி மகனிடம், அவரோ மலைச்சரிவில், அலை எட்டாத ஏலச்செடிகளின் நிழலில். செய்தி சேர்ந்தது என்று கணிப்பொறி குறித்துக்கொள்ளும். அதன் கணக்கில் பிழையில்லை.

இந்தக் குறைகளுக்கெல்லாம் தமிழ்நாட்டில் கண்ட விடை கருவியில் இல்லை, கால்நடையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், மகளிர் தன்னுதவிக் குழுக்களைச் சார்ந்த பெண்கள் வீடு தேடி வருகிறார்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கிறார்கள். மருந்தைக் கையில் கொடுக்கிறார்கள். நடக்கவியலாதவர்க்கு இயன்முறைப் பயிற்சியும் படுக்கையுற்றவர்க்கு ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழி செய்யப்பட்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பல்முகமைப் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது அளித்தது. அப்பெண்களின் கையிலும் ஒரு கைப்பேசி உண்டு. யார்க்கு எந்த மருந்து, எப்போது கொடுத்தது, அளவு எவ்வளவு என்று அதில் பதிகிறார்கள். இங்கே கைப்பேசி உழைச்செல்வானாக நடிக்கவில்லை. உழைச்செல்வாளின் நினைவுக்குத் துணையாக அவர் பையில் கிடக்கிறது. அதற்குரிய இடம் அதுவே எனலாம். அப்பெண்கள் பெறும் ஊக்கத்தொகை அவர்கள் நடக்கும் நடைக்கு ஈடாகுமா என்பது தனியே ஒரு மேடை கேட்கும் வினா.

ஆயினும் அவர் எத்தனை வீடு ஏற இயலும்? வந்துபோன நாளுக்கும் மீண்டும் வரும் நாளுக்கும் இடையே பல நாள்கள் உண்டு. அந்த நாள்களில் ஒரு சொல் வந்தால் நலமே; அது வரும் வழி கைப்பேசிதான். கவிஞர்களுக்கு உரிய வேலை இங்கேதான் தொடங்குகிறது.

குறுஞ்செய்தி ஒன்றில் உரோமன் எழுத்தாயின் 160 இடங்கள். தமிழாயின் 70 இடங்களே. அந்த எழுபதிலும் 'க' ஓரிடம் கொள்ளும். 'கா', 'கி', 'கொ' இரண்டு கொள்ளும். 'க்' என்னும் ஒற்றும் இரண்டு கொள்ளும். கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணும்போது ஒற்றை நீக்கி எண்ணுவது புலவர் மரபு. கைப்பேசியோ ஒற்றுக்கு இரட்டை வாடகை கேட்கிறது. எனினும் அஞ்ச வேண்டியதில்லை. குறள்கள் பல இந்த எழுபதுக்குள் இடம் மிச்சம் வைத்து அடங்கிவிடும். எண்ணிப் பார்ப்பவர் வியப்பர்.

மேலும் ஒன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின் கீழ், நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்திகளின் வாசகம் முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். பெயர், நாள், எண் போன்றவை மாறலாம், வாசகம் மாறாது. அதாவது, அலுவலகத்தில் ஒருவர் ஒரு பிற்பகலில் எழுதிய ஒரு வரி, ஆயிரக்கணக்கான வீடுகளில் ஆண்டுக்கணக்காக ஒலிக்கும். எந்தக் கவிஞரின் வரிக்கு அந்த வாய்ப்பு உண்டு? அந்த ஒரு வரியை எழுதுவோரோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் இறக்குகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, அலுவல் தமிழின் போக்கில் ஒரு செய்தி எப்படி அமையும்? "உயர் இரத்த அழுத்த நோயாளிகள் மாதாந்திர மருந்துகளைத் தவறாமல் உட்கொள்ளவும்" என்று அமையும். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எண்ணினால் இறுதிப் புள்ளி இல்லாமலே 71. ஓரிடம் மிகுந்ததால் இரண்டு செய்தியாகக் கணக்கிடப்பட்டு இரட்டைச் செலவு வைக்கும். செலவு கிடக்கட்டும். சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ 'உயர் இரத்த அழுத்தம்' உடையவர் எவருமில்லை; 'பிரசர்' இருப்பவர்கள் இருக்கிறார்கள். 'நோயாளிகள்' என்று ஊரையே விளித்தால் தம்மையே சொல்வதாக எவரும் கொள்ளார். 'உட்கொள்ளவும்' என்னும் ஏவல் எந்த வாயிலிருந்து வருகிறது என்பதும் தெரியவில்லை. துறை பேசுகிறது, ஆள் பேசவில்லை. தொற்றா நோய் என்னும் துறைச்சொல்லும் இத்தகையதே. அது எதுவன்று என்பதைச் சொல்கிறது. எது என்று சொல்லவில்லை. நெடுநோய் என்று ஒரு சொல்லில் அடக்கும் ஆற்றல் தமிழுக்கு இருக்கிறது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. செய்தியைப் படிப்பவர் நோயாளி அல்லர். எழுத்தறியாத பாட்டிக்குப் பேரனோ பேத்தியோ படித்துக்காட்டுகிறார்கள். ஆகவே அது கண்ணுக்கு எழுதப்படுவதன்று. ஒரு குழந்தையின் வாய்க்கும் ஒரு முதியவரின் காதுக்கும் எழுதப்படுவது. வாய்மொழிப் பாடலின் மரபு அறிந்தவர்க்கு இது புதிதன்று. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அப்படித்தான் வாழ்ந்தன. நோயின் பெயரைச் சொல்லாமல், வீட்டார் முன் படிக்கத் தக்கதாய், கேட்டவுடன் கை மாத்திரைக்கு நீளும்படியாய் ஒரு வரி வேண்டும்.

பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை படித்துவரும் இவ்வட்டம், ஒரு மாதக் கூட்டத்தை இதற்குத் தரலாம். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலர் இருவரையும், படிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகள் சிலரையும், கேட்கத் தெரிந்த முதியோர் சிலரையும் அழைத்து அமர்த்திக்கொண்டு இருபது செய்திகள் எழுதிப் பார்க்கலாம். எழுதியதைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். முதியோர் முகம் பார்த்துத் திருத்தலாம். தேறியவற்றை மாவட்டச் சுகாதாரத் துறையினரிடம் ஒப்படைக்கலாம். தொடக்கத்துக்கு ஒன்று இங்கே வைக்கப்படுகிறது:

"மாத்திரை போட்டாச்சா? நாளைக்கு அக்கா வருவாங்க. பழைய அட்டையை எடுத்து வைங்க."

நோயின் பெயர் இதில் இல்லை. தீர்ந்ததும் தீராததுமான மாத்திரை அட்டையைப் பார்த்தால் எத்தனை வேளை தவறியது என்று தன்னார்வலர் அறிவார். அதைக் குற்றமாகக் கேட்கவும் வேண்டியதில்லை. எழுபது வயதுப் பாட்டிக்கு வருபவர் எப்படி 'அக்கா' ஆவார் என்று கேட்கலாம். படிக்கும் பேத்திக்கு அவர் அக்காதானே. ஒரே குறை: எண்ணினால் 73 வருகிறது. 'பழைய' என்பதை எடுத்தால் 68 ஆகும். ஆனால் புதிய அட்டையை எடுத்து வைத்துவிடக் கூடும். 'நாளைக்கு' என்பதை 'நாளை' என்றாக்கினால் 69. அப்போது பேச்சு போய் எழுத்து வந்துவிடுகிறது. எதை விடுவது என்பதை அந்தக் கூட்டத்தில் ஒரு பேத்தியைப் படிக்கச் சொல்லி, பாட்டியைக் கேட்டு முடிவு செய்யலாம்.